பல் உள்ளவன் மலை ஏறுவான்

மேட்டுப்பாளையத்துக்காரர்களுக்குப் பல்லின் அருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஊர் ஸ்டேஷனிலிருந்து காலையில் கிளம்பும் ஊட்டி ரயிலே பல்லை நம்பித்தான் பிழைப்பு நடத்துகிறது.

கல்லாறு வரை அது சாதாரண ரயில். கல்லாறு தாண்டியதும் பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி என்கிற கணக்கில் ஏற்றம். வழவழ இரும்பின் மேல் வழவழ இரும்பு அந்த ஏற்றத்தை ஏறாது; வழுக்கும். ஆகவே தண்டவாளங்களுக்கு நடுவில் பல் வைத்த இரும்புப் பட்டையைப் பதித்தார்கள். எஞ்சினுக்கு அடியிலுள்ள பல் சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி மேலே போகிறது. 1899-ல் குன்னூர் வரைக்கும், 1908-ல் ஊட்டி வரைக்கும் போயிற்று. 2005-ல் யுனெஸ்கோக்காரர்கள் உலகப் பாரம்பரியச் சின்னம் என்று பட்டமும் கொடுத்தார்கள். நூறு வயசைத் தாண்டியும் பல் கொட்டாத ஆசாமி!

அதே மலையை ரோட்டு வழியாக ஏறுகிற பஸ், லாரி, வேனுக்கும் பல் உண்டு. ஆனால் அது கியர் பாக்ஸ் என்கிற மூடின வாய்க்குள் இருக்கிறது. வெளியே தெரியாத பல்லில் வலி வந்தால் நமக்கு என்ன தெரியும்? டாக்டர் சொன்னதுதான் சட்டம். சில டாக்டர்கள் வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்பே குறடை எடுத்துவிடுகிறார்கள்.

"கியர் சரியா விழ மாட்டேங்குதுங்க" என்று ஒரு ஒர்க் ஷாப்பில் சொல்லிப் பாருங்கள். பத்துக்கு ஏழு இடத்தில் வரும் பதில்: "பாக்ஸை இறக்கிரலாம் சார்."

எங்கள் மாமாவுக்கும் அதுதான் வந்தது.

* * *

மாமா சிறுமுகைக்காரர். ரிட்டயர் ஆகி வந்த பணத்தில் பழைய வேன் ஒன்றை வாங்கி, அதைக் கேரவனாக மாற்றினார். கேரவன் என்றால் நம் ஊரில் சினிமாக்காரர்கள் ஷூட்டிங்குக்கு நடுவில் ஏ.ஸி. போட்டுக் கொண்டு உட்காருகிற வண்டி என்று அர்த்தம். அமெரிக்காவில் இதையே மோட்டார்ஹோம் என்று சொல்லி, ரிட்டயர் ஆன தம்பதிகள் வீட்டைப் பூட்டிவிட்டு மாதக் கணக்கில் ஊர் சுற்றுகிறார்கள். பக்கத்துக் கேரளாவில் 2021-ல் கேரவன் டூரிஸத்துக்கென்று அரசாங்கமே தனியாக ஒரு கொள்கை போட்டது.

மாமாவுக்கு ஊர் சுற்றும் ஆசையெல்லாம் கிடையாது. அத்தைக்குச் சர்க்கரை. அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து போயாக வேண்டும். கூடவே முழங்கால் வலி. பஸ்ஸில் போனால் நடுவழியில் யாரிடம் போய் நிறுத்தச் சொல்வது? காரில் போனாலும் எங்கே ஒதுங்குவது? இந்த ஒரு கேள்விக்குப் பதில் இல்லாமல், வாசலில் நின்றால் தெரிகிற நீலமலைக்கு அத்தை பன்னிரண்டு வருஷமாகப் போகவில்லை. கல்யாணம் காட்சிக்குக்கூடத் தண்ணீர் குடிக்காமல்தான் போவார்.

ஆக, வேனுக்குள் ஒரு கட்டில், ஒரு காஸ் அடுப்பு, நூறு லிட்டர் தண்ணீர் டாங்க். எல்லாவற்றுக்கும் மேலாகக் கதவு வைத்த ஒரு சின்னக் கக்கூஸ். ஆர்.டி.ஓ. ஆபீஸ் சமாசாரங்களை முடித்து, போன வருஷம் சீசனுக்கு முன்னால் வண்டி ரெடி.

ஊட்டிக்குப் போக 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறைக்கு வந்ததே, அதையும் மாமா முதல் நாளே எடுத்துவிட்டார். எல்லா பாஸும் கிடைத்தது. கியர்தான் கிடைக்கவில்லை.

ஓடந்துறை தாண்டும்போதே மூன்றிலிருந்து இரண்டுக்கு இழுத்தால் 'கர்ர்ர்'. கல்லாற்றில் ஒரு லாரிக்காக நின்றோம். மறுபடி முதல் கியர் போட்டால், கரும்பு மெஷினில் கல்லைக் கொடுத்த மாதிரி சத்தம். திரும்பிவிடலாம் என்றால் அதற்கு ரிவர்ஸ் வேண்டுமே! அது இன்னும் மோசம். கடைசியில் மாமா எஞ்சினை அணைத்தார். ரிவர்ஸ் போட்டார். வெண்ணெயில் கத்தி மாதிரி விழுந்தது. கிளட்சை மிதித்தபடியே ஸ்டார்ட் செய்தார். வண்டி லேசாகத் துள்ளிப் பின்னால் நகர்ந்தது.

இந்தத் துள்ளலை ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள். துப்பறியும் கதையில் முதல் அத்தியாயத்திலேயே வந்துவிட்டுப் போகிற ஆசாமி அதுதான்.

"போலாம் உடுங்க. நமக்குக் குடுத்து வெச்சது அவ்வளவுதான்" என்றார் அத்தை. அதற்கு மேல் வீடு வரும்வரை யாரும் பேசவில்லை.

* * *

முதலில் காட்டிய ஒர்க் ஷாப்பில், ஓட்டிப் பார்த்த இளைஞர் இறங்குவதற்குள்ளேயே தீர்ப்பு சொல்லிவிட்டார். பாக்ஸ் இறக்கணும், சின்க்ரோ ரிங் போயிருக்கும், கிளட்ச் செட்டும் மாத்திரலாம், நாற்பத்தையாயிரம் ஆகும், நாலு நாள் ஆகும்.

ஆபரேஷன் என்று ஒரு டாக்டர் சொன்னால் இன்னொரு டாக்டரையும் பார்க்கிறோமில்லையா? ஊட்டி ரோட்டில் ஒரு பெரியவரிடம் போனோம். மலையிலிருந்து உருளைக்கிழங்கு மூட்டை இறக்கும் லாரிகளுக்கு நாற்பது வருஷமாக வைத்தியம் பார்க்கிறவர். ஷெட் என்பது ஒரு புளியமரம், நாலு தகரம்.

பெரியவர் வண்டியைத் தொடவே இல்லை. பீடியைக் காதில் செருகிக் கொண்டு கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"ஏனுங்க, எல்லாக் கியரும் கத்துதுங்களா, ஏதோ ஒண்ணு மட்டுங்களா?"

"எல்லாமேதானுங்ணா. ரிவர்ஸு ரொம்ப."

"எஞ்சினை நிறுத்திப்போட்டு போட்டுப் பாத்தீங்களா?"

"அப்போ சுளுவா உழுகுதுங்."

"ஸ்டார்ட் பண்ணறப்போ துள்ளுச்சுங்களா?"

மாமா என்னைப் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன். பெரியவர் தலையை ஆட்டிக் கொண்டார்.

"அப்ப பாக்ஸு மேல பழி போடாதீங்க. அது பாவம், உள்ள சும்மா கெடக்குது."

விஷயம் இதுதான். எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் இருக்கும் தரகர் கிளட்ச். பெடலை மிதித்தால் தரகர் விலக வேண்டும். எஞ்சினின் சுழற்சி பாக்ஸுக்குப் போகக் கூடாது. அப்போதுதான் உள்ளே ஒரு பல் சக்கரத்தை விட்டு இன்னொன்றைப் பிடிக்க முடியும். தரகர் பாதி விலகி, பாதி ஒட்டிக் கொண்டிருந்தால் எஞ்சின் உள்ளே சக்கரத்தைச் சுற்றிக் கொண்டே இருக்கும். ஓடுகிற சக்கரத்தில் பல்லைக் கொடுத்தால் 'கர்ர்ர்' என்னாமல் என்ன செய்யும்? எஞ்சினை நிறுத்தினால் சுழற்சி இல்லை, சுளுவாக விழுகிறது. கியரில் வைத்து ஸ்டார்ட் செய்தால், கிளட்சை மிதித்திருந்தும் கொஞ்சம் பலம் கசிகிறது, வண்டி துள்ளுகிறது.

ரிவர்ஸ் அதிகமாகக் கத்துவதற்கும் காரணம் உண்டு. முன்னால் போகிற கியர்களில் சின்க்ரோ ரிங் என்று ஒரு வளையம் இருக்கிறது. இரண்டு சக்கரங்களின் வேகத்தையும் முதலில் உரசிச் சமப்படுத்திவிட்டு, பிறகுதான் பல்லோடு பல்லைச் சேர்க்கும். ஜாதகம் பார்த்துக் கல்யாணம் மாதிரி. 1928-ல் காடிலாக் கம்பெனி இதைக் காரில் கொண்டு வந்தது. அதற்கு முன்பெல்லாம் டிரைவரே இரண்டு தடவை கிளட்சை மிதித்து, நடுவில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தி வேகத்தைச் சேர்க்க வேண்டும். நம் பழைய லாரி டிரைவர்கள் 'டபுள் கிளட்ச்' என்று சொல்வார்களே, அது. நிறைய வண்டிகளில் ரிவர்ஸுக்கு மட்டும் இந்த வளையம் கிடையாது. ஆகவே கிளட்சில் கோளாறு என்றால் முதலில் கத்துவது ரிவர்ஸ்தான்.

நான் பி.காம். படித்தவன். டிரையல் பாலன்ஸ் டேலி ஆகவில்லை என்றால், லெட்ஜரையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து எழுத மாட்டோம். முதலில் கூட்டலைச் சரி பார்ப்போம். அப்புறம் 54 என்பதை 45 என்று எழுதியிருக்கிறோமா என்று பார்ப்போம். செலவில்லாத சந்தேகங்களெல்லாம் தீர்ந்த பிறகுதான் பெரிய சந்தேகம். பெரியவர் காமர்ஸ் படிக்கவில்லை. ஆனால் வேலை பார்த்தது அப்படித்தான்.

முதலில் கிளட்ச் ஆயில் டப்பாவைத் திறந்தார். அளவு சரி. பெடலுக்கு மேலேயும் பாக்ஸுக்குப் பக்கத்திலும் விரலை விட்டுத் துடைத்தார். கசிவு இல்லை. பெடலை நாலு தடவை 'பம்ப்' பண்ணிவிட்டுக் கியர் போடச் சொன்னார். பம்ப் பண்ணினால் சரியாகிறது என்றால் குழாயில் காற்றுப் புகுந்திருக்கிறது, அல்லது சிலிண்டரில் வாஷர் போயிருக்கிறது என்று அர்த்தமாம். மாற்றம் இல்லை. பிறகு வண்டிக்கு அடியில் படுத்துக் கொண்டு, "தம்பி, நீங்க ஏறி மிதிங்க" என்றார். மிதித்தேன். கிளட்சைத் தள்ளுகிற கம்பி எவ்வளவு தூரம் வருகிறது என்று பார்த்தார்.

"இன்னும் மிதிங்க."

"அவ்வளவுதானுங்க, தரை தட்டுது."

அடியிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. வெளியே வந்து, டிரைவர் சீட்டுக்குக் கீழே குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "இந்த ரத்தினக் கம்பளம் யாருங்க விரிச்சது?"

கேரவன் வேலை செய்த ஆசாரி, அத்தைக்குக் கால் வலிக்கக் கூடாதே என்று தரை முழுக்கப் பிளைவுட் அடித்து, அதன் மேல் ஃபோம் போட்டு, அதன் மேல் தடிமனான கார்ப்பெட் விரித்திருந்தார். நல்ல மனசு. அந்த நல்ல மனசை டிரைவர் பெடல் வரைக்கும் நீட்டிவிட்டார். பெடல் முழுசாக இறங்குவதற்கு ஓர் அங்குலம் முன்பே கார்ப்பெட்டில் முட்டி நின்றது. அந்த ஓர் அங்குலம்தான் கிளட்ச் விலகாமல் பாக்கி நின்றது.

பெரியவர் கத்தி எடுத்து முறம் அளவுக்கு வெட்டி எடுத்தார். பிளைவுட்டையும் அந்த இடத்தில் பெயர்த்தார். ஸ்டார்ட். கிளட்ச். ரிவர்ஸ். சத்தமே இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று எல்லாம் தயிர்சாதம்.

"எவ்வளவுங்ணா?" என்றார் மாமா.

"கார்ப்பெட் வெட்டினதுக்கு என்னத்தைங்க வாங்கறது? ஒரு டீ சொல்லுங்க."

மாமா ஐந்நூறு ரூபாயைச் சட்டைப் பையில் திணித்தார். பெரியவர் இன்னொன்றும் சொன்னார். இப்படிக் கத்தக் கத்தவே இன்னும் நாலு மாசம் ஓட்டியிருந்தால் சின்க்ரோ ரிங் நிஜமாகவே தேய்ந்து போயிருக்கும். அப்போது நாற்பத்தையாயிரம் நியாயமான பில்லாகவே ஆகியிருக்கும். அதைவிட வேடிக்கை, பாக்ஸை இறக்கிப் புதுச் சாமான் போட்டு மேலே ஏற்றியிருந்தாலும் கார்ப்பெட் அங்கேயேதான் இருந்திருக்கும். கியரும் கத்திக் கொண்டேதான் இருந்திருக்கும்.

* * *

எல்லா வண்டிக்கும் கார்ப்பெட்தான் காரணம் என்று கத்தியைத் தூக்கிக் கொண்டு கிளம்பிவிடாதீர்கள். பெரியவர் டீ குடித்துக் கொண்டே சொன்னதை எழுதி வைத்துக் கொண்டேன். கேரவனுக்கு மட்டுமல்ல, கியர் வைத்த எல்லா வண்டிக்கும் ஆகும்.

எஞ்சினை அணைத்தாலும் கியர் விழவில்லையா? கிளட்சை விட்டுவிடலாம். கியர் லீவரிலிருந்து பாக்ஸுக்குப் போகிற கேபிள், கம்பி, அதிலுள்ள புஷ் இவற்றைப் பார்க்க வேண்டும். லீவர் தொளதொளவென்று ஆடினால் அநேகமாகப் புஷ்தான். சின்னச் சாமான்.

ஒரே ஒரு கியர் மட்டும், உதாரணமாக இரண்டாவது மட்டும் கத்துகிறதா? அந்தக் கியரின் சின்க்ரோ ரிங் தேய்ந்திருக்கலாம். இதற்குப் பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும்.

போட்ட கியர் தானாகவே நழுவி நியூட்ரலுக்கு வந்துவிடுகிறதா? முதலில் எஞ்சினையும் பாக்ஸையும் தாங்குகிற ரப்பர் மவுண்டிங் கிழிந்திருக்கிறதா, லீவர் கம்பி சரியான அளவில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவை சரியாக இருந்தால் உள்ளே பல் மழுங்கியிருக்கிறது. எப்படியானாலும் இந்த வண்டியை மலைக்குக் கொண்டு போகக் கூடாது.

காலைக் குளிரில் முரண்டு பிடித்து, சூடேறியதும் சரியாகிவிடுகிறதா? கியர் ஆயிலைப் பாருங்கள். பழசாகியிருக்கலாம், குறைந்திருக்கலாம், வேறு ரகம் ஊற்றியிருக்கலாம். கம்பெனிப் புத்தகத்தில் சொன்ன ரகம்தான் ஊற்ற வேண்டும். விலை அதிகமான ஆயில் எல்லாம் நல்ல ஆயில் என்று அர்த்தமில்லை. சின்க்ரோ ரிங் வேலை செய்ய ஓரளவு உரசல் வேண்டும். ஒவ்வாத ஆயிலில் அது வழுக்கிக் கொண்டு போய்விடும்.

நியூட்ரலில் நிற்கும்போது வருகிற இரைச்சல், கிளட்சை மிதித்தால் நின்று போகிறதா? பாக்ஸுக்குள் பேரிங். மிதித்தால்தான் இரைச்சலே வருகிறதா? கிளட்சின் ரிலீஸ் பேரிங். எஞ்சின் அலறுகிறது, வண்டி மட்டும் வேகம் எடுக்கவில்லை, கருகிய வாசனை வருகிறது என்றால், அது கிளட்ச் பிளேட் வழுக்குவது.

அமெரிக்க மோட்டார்ஹோம்கள் பெரும்பாலும் ஆட்டோமாடிக். அதில் கிளட்ச் பெடலே கிடையாது. அங்கேயும் முதல் பரிசோதனை செலவில்லாததுதான். உள்ளே இருக்கும் ஆயிலின் அளவு, நிறம், வாசனை. சிவப்பாக இருந்தால் பெரும்பாலும் நலம். கறுத்துக் கருகிய நாற்றம் அடித்தால் உள்ளே சூட்டில் வெந்திருக்கிறது. மலையில் கனத்தை இழுக்கிற வண்டிக்குச் சூடுதான் எமன்.

* * *

கனம் என்றதும்தான் பெரியவர் பீடியைக் காதிலிருந்து எடுத்தார்.

"தண்ணி டாங்கி நூறு லிட்டருன்னா நூறு கிலோங்க. கட்டிலு, அடுப்பு, பேட்டரி வேற. இத்தனையையும் வருஷம் பூரா சொமக்கற வண்டி இது. ஏறும்போது கியர் உழுகலைன்னா வண்டி நின்னு போகும், அவ்வளவுதானுங்க. எறங்கும்போது உழுகலைன்னா வண்டி நிக்காதுங்க."

இதைக் கேட்டு மாமாவின் முகம் மாறிவிட்டது. காரணம் இருக்கிறது. இறக்கத்தில் வண்டியைப் பிடித்து வைக்க வேண்டியது எஞ்சின். இரண்டாவது கியரில் இறங்கினால் எஞ்சினே வேகத்தை மட்டுப்படுத்தும். மேல் கியரிலோ நியூட்ரலிலோ விட்டு, பிரேக்கை மட்டும் மிதித்துக் கொண்டே வந்தால் பிரேக் சூடேறும். சூடேறச் சூடேறப் பிடிப்புக் குறையும். பிரேக் ஆயில் கொதித்தால் பெடல் வெறுமனே உள்ளே போகும். மேட்டுப்பாளையம் சுமார் 330 மீட்டர் உயரம். ஊட்டி சுமார் 2,200 மீட்டர். அவ்வளவையும் காலாலேயே பிடித்து நிறுத்துவது யாரால் ஆகும்? 2023 செப்டம்பர் 30 அன்று குன்னூரிலிருந்து இறங்கும் வழியில், மரப்பாலம் பக்கத்தில் ஒரு சுற்றுலா பஸ் பள்ளத்தில் விழுந்து பல பேர் இறந்து போனார்கள். இந்த ரோட்டில் ஓட்டுகிறவர்கள் யாரும் அதை மறக்கவில்லை.

மறு வாரம் இன்னொரு இ-பாஸ் எடுத்து, மறுபடி கிளம்பினோம். பர்லியார் பக்கத்தில் டிராபிக் ஜாம். ஒரு மணி நேரம் அசையவில்லை. எங்களுக்கு முன்னால் நின்ற பஸ்ஸிலிருந்து ஒரு அம்மாள் இறங்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் பள்ளம். எங்கே போவார்?

அத்தை ஜன்னல் வழியாகக் கூப்பிட்டார். "ஏனுங் அம்மிணி, இங்க வாங்க. உள்ள இருக்குது."

அந்த அம்மாள் போய், அவர் மருமகள் வந்து, அதற்குப் பின்னால் ஒரு பாட்டி வந்து, ஜாம் விலகுவதற்குள் ஏழு பேர். நூறு லிட்டர் டாங்கில் பாதி காலி. "பரவால்ல உடுங்க, கனம் கொறஞ்சுது" என்றார் மாமா. அத்தை அன்றைக்கு வழி நெடுகத் தண்ணீர் குடித்துக் கொண்டே வந்தார்.

திரும்பும்போது கோத்தகிரி வழி. மாமா இரண்டாவது கியரை விட்டு மாறவே இல்லை. பின்னால் நாலு கார்கள் ஹாரன் அடித்துத் தீர்த்தன. அகலமான இடம் வந்ததும் ஒதுங்கி அத்தனை பேருக்கும் வழி விட்டார். மறுபடி இரண்டாவது கியர்.

உங்கள் வண்டியில் கியர் மக்கர் பண்ணினால், ஒர்க் ஷாப்புக்குப் போவதற்கு முன் நாலு விஷயத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொண்டு போங்கள். எல்லாக் கியருமா, ஒன்று மட்டுமா? எஞ்சின் ஓடும்போதா, நிறுத்தினாலுமா? குளிரிலா, சூட்டிலா? கடைசியாக வண்டியில் யார் என்ன வேலை பார்த்தார்கள்? இந்த நாலையும் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகும் "பாக்ஸை இறக்கணும்" என்று ஒருவர் சொன்னால், தாராளமாக இறக்கச் சொல்லுங்கள்.

காகிதத்தை வாங்கிப் பார்க்காமலே ஸ்பானரைத் தேடுகிறவரிடம், அவசர வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக் கொண்டு வந்துவிடுங்கள். ரிவர்ஸ் விழுந்தால்!